‘அவரா? எங்க தெருதான்!’: ஊர்ப்பெருமை குறித்த முறையான ஓர் ஆய்வு

தமிழ்நாட்டில் நில உரிமை, ஆற்றுநீர் உரிமை, கோயிலில் முதல் மரியாதை வாங்கும் உரிமை என்று எல்லாவற்றையும் ஆராய்ந்துவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக வழக்குகளும் நடந்திருக்கின்றன. ஆனால் காபிக் கடையிலும் சலூனிலும் கோயில் வாசலிலும் அன்றாடம் கோரப்படும் ஓர் உரிமையை மட்டும் அறிஞர் உலகம் கண்டுகொள்ளவே இல்லை. பெரிய மனிதர் ஒருவரின் பெயர் பேச்சில் விழுந்ததும், கையிலிருக்கும் டம்ளரை டபராவில் வைத்துவிட்டு, "அவரா? எங்க தெருதான்!" என்று சொல்லும் உரிமை அது. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம் கும்பகோணம். ஏன் கும்பகோணம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள். கைவசம் ஒரு பெரிய மனிதராவது இல்லாத தெருவை இந்த ஊரில் காண்பது அரிது. அது முறைப்படியான பதில். கட்டுரையாளர் குடியிருப்பது அங்கேதான், பஸ் செலவு மிச்சம்; அது உண்மையான பதில். தகவலாளர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். தரவுகள் மாலை ஐந்து மணிக்கு மேல் திரட்டப்பட்டன. மதியத்தில் ஊர் தூங்கும்; தூக்கத்தில் எழுப்பினால் கிடைப்பது வேறு வகைத் தரவு.

முதன்மையான முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவை எல்லாம் அதன் கிளைகள். ஊர்ப்பெருமையில் பெரியவரின் சாதனைக்கு இடமில்லை. அவர் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்பது ஒன்றுதான் கணக்கு.

சாரங்கபாணி சன்னதித் தெருவை எடுத்துக்கொள்வோம். கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு அங்கே இருக்கிறது. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை வாங்கிப் பராமரிக்கிறது. ஓட்டு வீடு, சின்னத் திண்ணை, தெருவைப் பார்த்த ஜன்னல், ஜன்னலோரம் ஒரு கட்டில். கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர் ஒருவர் அந்த வீட்டுக்கு வழி கேட்டார். கிடைத்த பதிலை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: "ராமானுஜன் வீடா? நேரா போங்க சார். எங்க வீடு வரும், பச்சை கேட்டு. அதுலேருந்து நாலு வீடு தள்ளி." கேட்டவர் பச்சை கேட்டைக் கண்டுபிடித்து, அங்கே நின்று எண்ணத் தொடங்கினார். ராமானுஜன் வீட்டைவிடப் பச்சை கேட்டு வீட்டுக்குத்தான் தெருவில் முக்கியத்துவம் என்பதும், ராமானுஜன் அதற்கு நாலு வீடு தள்ளி வாழ்ந்த பாக்கியசாலி என்பதும் இந்த வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கின்றன.

எண்களைப் பிரித்து எழுதும் வழிகள் பற்றி ராமானுஜனும் ஹார்டியும் சேர்ந்து 1918-ல் வெளியிட்ட கட்டுரையைப் பற்றித் தெருவில் யாரும் பேசிக் கேட்டதில்லை. 1729 மட்டும் எல்லாருக்கும் தெரியும். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது. ஆனாலும் அது புகழ் பெற்றதற்குக் காரணம் கனமும் அல்ல, கூட்டுத்தொகையும் அல்ல. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரைப் பார்க்க ஹார்டி ஏறி வந்த டாக்சியின் எண் அது. கணக்கில் ஒரு டாக்சி வந்துவிட்டால் அது நம் தெருக் கணக்காகிவிடுகிறது.

தூரம்தான் அளவு என்றால் அதற்கு ஒரு படிநிலை வேண்டும். நல்லவேளையாக அதைப் புதிதாக உண்டாக்கத் தேவையில்லை. சைவர்கள் எப்போதோ செய்து வைத்துவிட்டார்கள். தேவார மூவர் பாடிய ஊர் பாடல் பெற்ற தலம். வேறோர் ஊரைப் பாடும்போது போகிறபோக்கில் பெயர் மட்டும் சொல்லப்பட்ட ஊர் வைப்புத் தலம். இதே வகைப்பாடு பெரிய மனிதர்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. பாரதியாருக்கு எட்டயபுரமும் திருவல்லிக்கேணியும், 1908 முதல் 1918 வரை வாழ்ந்த புதுச்சேரியும் சந்தேகமில்லாமல் பாடல் பெற்ற தலங்கள். கடையம் செல்லம்மாளின் ஊர். அங்கே கோரப்படுவது மாப்பிள்ளை உரிமை. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. மதுரை சேதுபதி பள்ளியில் 1904-ல் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். அதை எந்த வகையில் சேர்ப்பது என்று கேட்டால், மதுரைக்காரர்களிடம் போய் வைப்புத் தலம் என்று சொல்லும் துணிச்சல் இந்த ஆய்வாளருக்கு இல்லை.

ஒரே இரவில் பாடல் பெற்ற தலமானதும் உண்டு. 1921 செப்டம்பரில் காந்தி மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கி, மறுநாள் காலை அரையாடையோடு கீழே இறங்கினார். அந்த வீட்டுக்கு அந்த ஒரு இரவே போதும். கும்பகோணத்துக்கும் 1897-ல் விவேகானந்தர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். ரயில் மாறியவர்கள், ரயிலில் இருந்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் எல்லாரும் வைப்பு வகை. மாயவரம் ஜங்ஷன் அந்த வகையில் பெரும் பணக்கார ஊர். ஆனால் அவர்களுக்கு அந்தப் பட்டியல் தேவைப்படவில்லை. 1969-ல் விசுவநாதன் ஆனந்த் அங்கேயே பிறந்துவிட்டார். அதற்குப் பிறகு சென்னைக்காரர்கள் என்ன சொன்னாலும் மாயவரத்தார் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒரு மனிதருக்கு ஒரு பிறப்புத்தான். அப்படியிருக்க எப்படி இரண்டு ஊர்கள் சட்டப்படியாகச் சொந்தம் கொண்டாடுகின்றன? இந்தக் கேள்விக்கு விடை வெகுநாள் கிடைக்கவில்லை. கடைசியில் அதைச் சொன்னவர் பொற்றாமரைக் குளத்தருகே பூக்கட்டும் ஒரு பாட்டி. "தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானே தம்பி?" என்று நாரைப் பல்லால் கடித்தபடியே கேட்டார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. விளக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிற வழக்கம் தமிழ்நாட்டின் ஊர்ப்பெருமைப் பூசல்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர். ராமானுஜன் தலைப்பிள்ளை. 1887 டிசம்பர் 22 அன்று பிறந்தது ஈரோட்டில், அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டி வீட்டில். கும்பகோணத்துக்கு வந்தபோது குழந்தைக்கு வயது ஒன்று. ஜவுளிக்கடைக் குமாஸ்தாவான அப்பாவின் ஊர்தான் கும்பகோணம். ஈரோட்டுக்காரர்கள் பிறப்பைக் காட்டுகிறார்கள், நாங்கள் வளர்ப்பைக் காட்டுகிறோம். உ.வே. சாமிநாதையரும் தலைப்பிள்ளை. ‘உ’ என்பது உத்தமதானபுரம் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவர் 1855 பிப்ரவரி 19 அன்று பிறந்தது சூரியமூலையில், தாய்வழிப் பாட்டனார் ஊரில். செம்மங்குடி சீனிவாசய்யர் பிறந்தது செம்மங்குடியில் அல்ல, தாய்மாமனாகிய வித்வான் கிருஷ்ணய்யரின் திருக்கோடிக்காவலில். அவர் தலைப்பிள்ளை அல்லவே என்று சிலர் எதிர்வாதம் வைக்கலாம். விதி தலைப்பிள்ளையில் தொடங்குகிறது என்பதுதான் என் வாதம். தாய்வீட்டுச் சாப்பாடு நன்றாக இருந்தால் அடுத்த பிள்ளைகளுக்கும் நீளும்.

தாய்வீட்டு ஊருக்கு இதில் நேர்கிற அநியாயத்தையும் பதிவு செய்ய வேண்டும். பிரசவம் பார்த்து, பத்தியம் போட்டு, மூன்று மாதமோ ஐந்து மாதமோ வைத்திருந்து, குளிப்பாட்டி அனுப்புகிறது அந்த ஊர். பெயரின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வது அப்பா ஊர். சூரியமூலை சாமிநாதையர் என்று ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை.

இங்கேதான் முதலெழுத்து வருகிறது. தமிழர் பெயரின் முதலெழுத்தை நான் பட்டா என்றே கருதுகிறேன். அரியக்குடி, செம்பை, உத்தமதானபுரம் என்று ஊரைப் பெயரில் எழுதிவிட்டால், பிறகு அவர் எங்கே குடியேறினாலும் உரிமை மாறாது. திரு.வி.க. பிறந்தது சென்னைக்குப் பக்கத்திலிருக்கும் துள்ளத்தில், வாழ்ந்து எழுதியது சென்னையில். முன்னோர் ஊரான திருவாரூர் பெயரின் தலையில் அமர்ந்து அத்தனையையும் சுருட்டிக்கொண்டது. சிவாஜி கணேசனின் வி.சி.யில் ‘வி’ விழுப்புரம். தஞ்சைப் பக்கத்துச் சூரக்கோட்டை அதை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊருக்கும் இந்த வகையில் ஓர் இழப்பு உண்டு. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் 1925-ல் கும்பகோணத்தில் பிறந்தவர், இங்கேயே பள்ளிக்கூடம் படித்தவர். பட்டாவை எடுத்துப் பார்த்தால் முதல் ‘எம்’ கேரளத்து ஆலப்புழைப் பக்கத்து மாங்கொம்பு. 2024-ல் அவருக்குப் பாரத ரத்னா அறிவித்தபோது இந்த ஊர்க் காபிக் கடையில் சந்தோஷத்தோடு அந்த ‘எம்’ பற்றிய சங்கடமும் சேர்ந்தே இருந்தது. "கவர்மெண்டு மட்டும் இனிஷியலை மாத்த விட்டா..." என்று ஒருவர் தொடங்கினார். மற்றவர்கள் அமர்த்திவிட்டார்கள்.

இனி சாட்சிகள். நீதிமன்றத்தில் நேரில் பார்த்தவர் சொல்வதற்கு மதிப்பு. ஊர்ப்பெருமையில் அப்படியில்லை; சாட்சி இறந்திருக்க வேண்டும். உயிரோடு இருப்பவர் சொன்னால் "நீ எங்கடா பாத்தே?" என்று குறுக்கே கேட்டுவிடலாம். தாத்தாவைக் கேட்க முடியாது. டவுன் ஹைஸ்கூலில் ராமானுஜனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தாத்தாக்கள் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால், அந்த பெஞ்சு பள்ளிக்கூட வாசலில் தொடங்கி மகாமகக் குளம் வரை நீண்டிருக்க வேண்டும். தாத்தா தந்த பொருள் எப்போதும் சின்னதாகவே இருக்கும் என்பதும் கவனத்துக்குரியது: ஒரு பலப்பம், ஒரு வாய் புளியோதரை, வாங்கித் திருப்பித் தராத ஓரணா. பெரிய உதவி செய்ததாக ஒரு தாத்தாவும் சொல்லவில்லை. பெரிய உதவி என்றால் காகிதம் கேட்பார்கள். புளியோதரைக்கு யார் ரசீது கேட்கப்போகிறார்கள்?

இந்தப் பகுதிக்கு மிகவும் பயன்பட்ட உரையாடல் ஒன்று. ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஒருவருக்கும் அரிசி மண்டிக்காரர் ஒருவருக்கும் நடந்தது.

"ராமானுஜத்துக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தது யாருங்கிறீங்க? உ.வே. சாமிநாதையர்! நம்ம காலேஜ்லதானே ரெண்டு பேரும்?"

"இல்லண்ணே. ஐயர் 1903லயே மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜுக்கு மாறிட்டாரு. ராமானுஜன் இங்க காலேஜ்ல சேந்தது 1904."

தலைமை எழுத்தர் ஒரு வாய் காபி குடித்தார்.

"ஒரு வருஷம்தானே முன்னபின்ன? ஊருக்குள்ள வழியில பாத்திருப்பாங்க."

இதை மறுக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆராய்ந்து பார்த்தால் மறுக்க வழியில்லை. உ.வே.சா. 1880 முதல் 1903 வரை இந்த ஊரில் கல்லூரித் தமிழாசிரியர். ராமானுஜன் ஒரு வயதிலிருந்து பெரும்பாலும் இங்கேதான் வளர்ந்தார். உ.வே.சா.வின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்ததும் ராமானுஜன் பிறந்ததும் ஒரே ஆண்டு, 1887. இவ்வளவு காலம் ஒரே ஊரில் இருந்துகொண்டு, தேர் ஓடுகிற நாளில்கூட எதிரெதிரே வராமல் இருந்தார்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுப்பவருடையது. ‘வழியில் பார்த்திருப்பார்கள்’ என்பதை இத்துறையின் ஆகச் சிறந்த கோட்பாடாக முன்வைக்கிறேன். இதை உடைக்க எந்த ஆவணத்தாலும் ஆகாது.

இத்தனை ஏற்பாடும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. பெரிய மனிதர் வாய் திறக்கக் கூடாது. மறைந்தவர்கள் இதில் மிகுந்த ஒத்துழைப்பு தருகிறார்கள். தேரழுந்தூரில் பிறந்தார் என்கிறார்கள், நாட்டரசன்கோட்டையில் அடக்கமானார் என்கிறார்கள். கம்பர் இருவருக்குமே மறுப்பு தெரிவிக்கவில்லை. உயிரோடு இருப்பவர்களிடம்தான் தொல்லை. வெங்கி ராமகிருஷ்ணன் 1952-ல் சிதம்பரத்தில் பிறந்தவர். 2009-ல் வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதும், சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பாடம் எடுத்ததாகச் சொன்ன ஆசிரியர்கள் அங்கே கிளம்பினார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் தாம் படித்ததே இல்லை, மூன்று வயதிலேயே சிதம்பரத்தை விட்டுப் போய்விட்டோம் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். போதாதென்று, ஒரு நாட்டில் பிறப்பது தற்செயல் என்றும் சொன்னார். பரிசு பெற்றவர் இப்படியா பேசுவது? ரைபோசோமின் அமைப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு, "ஆமாம், நல்லா பாடம் எடுத்தார்" என்று ஒரு வரி எழுதத் தெரியவில்லையே என்ற வருத்தம் சிதம்பரம் பக்கத்தில் இன்னும் இருக்கும்.

சுந்தர் பிச்சை 2015-ல் கூகுளின் தலைமைப் பொறுப்புக்கு வந்தபோது, பிறந்த மதுரையும் வளர்ந்த சென்னை அசோக் நகரும் கையை உயர்த்தின. படித்த பள்ளி எது என்பதில் சென்னைப் பள்ளிகளுக்குள் பெரிய இழுபறி. 2024 டிசம்பரில் குகேஷ் உலக சதுரங்க சாம்பியனானபோது தகராறு மாநில எல்லைக்கே போய்விட்டது. ஆந்திர முதல்வர் தெலுங்குப் பையன் என்று வாழ்த்தினார், தமிழ்நாட்டு முதல்வர் சென்னையின் பெயரைச் சொல்லி வாழ்த்தினார். முதலமைச்சர்கள் செய்தாலும் இது எங்கள் காபிக் கடையில் நடப்பதுதான், மேஜை மட்டும் பெரிது.

ஒரு நாள்கூட வாழாத ஊரும் உரிமை கொண்டாட முடியுமா? முடியும். மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரம் கமலா ஹாரிஸின் தாத்தா பி.வி. கோபாலனின் ஊர். கமலா பிறந்தது கலிஃபோர்னியாவில். சென்னைக்கு வந்தபோது தாத்தாவோடு பெசன்ட் நகர் கடற்கரையில் நடந்ததை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஆகவே பெசன்ட் நகர்க்காரர்களிடம் கால்தடமாவது இருக்கிறது. துளசேந்திரபுரத்தில் அவர் குடியிருந்ததில்லை. ஆனாலும் 2020-ல் அவர் வென்றபோது கோலம் போட்டது அந்த ஊர், வெடி வெடித்தது அந்த ஊர், சாஸ்தா கோயிலில் அபிஷேகம் செய்தது அந்த ஊர். 2024-ல் தோற்றபோது வாடியதும் அதே ஊர்தான். அந்தக் கோயிலின் நன்கொடையாளர் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. 2014-ல் அவர் பெயரில் 5,000 ரூபாய் வந்திருக்கிறது. அமெரிக்கத் துணை அதிபராக இருந்தவரின் பெயர் நம் ஊர் உபயதாரர் பட்டியலில் மற்றவர்களோடு வரிசையில் நிற்கிறது. உபயம் என்று கல்லில் பொறித்துவிட்டால் குடியிருந்தாரா என்ற கேள்வி எழுவதில்லை. இந்த ஆய்வில் நான் கண்ட எல்லா உரிமைகளிலும் ரசீதோடு இருப்பது இது ஒன்றுதான்.

பெருமை எப்போது தொடங்குகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊர் அரசுக் கல்லூரிக்குத் ‘தென்னகத்தின் கேம்பிரிட்ஜ்’ என்று பெயர். காவிரிக்கரைக் கல்லூரி, கம்பீரமான கட்டடம். ராமானுஜன் 1904-ல் உதவித்தொகையோடு அங்கே சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காததால் உதவித்தொகை போய்விட்டது. 1905-ல் சொல்லாமல் கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. 1916-ல் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது இங்கிலாந்தில் இருக்கும் இன்னொரு கேம்பிரிட்ஜ். இன்று கும்பகோணம், பச்சையப்பன் ஆகிய இரண்டு கல்லூரிகளும் அவரைத் தங்கள் மாணவர் என்றே சொல்லிக்கொள்கின்றன, சொல்வது உண்மையும்கூட. விதியை இப்படி எழுதலாம்: ஒருவரைப் பற்றிய ஊர்ப்பெருமை, அவர் ஊரை விட்டுப் போய், வேறு யாரோ அவரை மதித்த பிறகே தொடங்கும். அதற்கு முன்னால் அவர் "அந்தப் பையன்". திண்ணையில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்து "எங்க தெருதான்" என்று 1910-ல் யாராவது மார்தட்டியிருந்தால் அவர் வீட்டாரே மருத்துவரிடம் அழைத்துப் போயிருப்பார்கள்.

ஆகவே ஊரை விட்டுப் போகாதவர்களின் கதி கஷ்டம். எம்.வி. வெங்கட்ராம் இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே ஜரிகை வியாபாரம் பார்த்து, இந்த ஊரிலேயே நாவல்கள் எழுதி, ‘காதுகள்’ நாவலுக்காக 1993-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியவர். பச்சை கேட்டு வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். "ஜரிகைக்காரரா? எந்தக் கடை?" என்றார். தினமும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த மனிதரைப் பெரிய மனிதராக்கத் தெருவுக்குக் கை வராது. திருவல்லிக்கேணியிலும் இதுதான். 1921 செப்டம்பரில் பாரதியின் கடைசி ஊர்வலத்தில் நடந்தவர்கள் வெகு சிலர். அந்தச் சிலரின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்பவர்கள் இன்று அந்தப் பேட்டையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அதே திருவல்லிக்கேணியில் உ.வே.சா. வாழ்ந்த ‘தியாகராஜ விலாசம்’ 2012 வாக்கில் இடிக்கப்பட்டது. "அந்த வீடா? எங்க வீட்டுக்கு எதிர்லதான் இருந்தது" என்று சொல்ல இன்னும் ஆட்கள் இருப்பார்கள். எதிர்வீடு நிற்கிறது, அந்த வீடுதான் இல்லை. இதைச் சிரித்துக்கொண்டே எழுத முடியவில்லை. ஆய்வு என்று வந்துவிட்டதால் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஊர்ப்பெருமையை ஒழிக்க வேண்டும் என்பதல்ல என் பரிந்துரை. அது இல்லாவிட்டால் காபிக் கடை பெஞ்சில் மழையும் விலைவாசியும்தான் பேச மிச்சம். பங்கீட்டை மட்டும் கொஞ்சம் ஒழுங்கு செய்யலாம். பட்டா அப்பா ஊருக்கே இருக்கட்டும், அதில் கைவைத்தால் கலவரம் வரும். தாய்வீட்டு ஊருக்குப் பிரசவச் செலவாவது பெயரளவில் ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். உதவித்தொகையை நிறுத்திய கல்லூரி, நிறுத்திய ஆண்டையும் சேர்த்தே பலகையில் போட வேண்டும். எதிர்வீட்டுக்காரருக்கு, வீடு நிற்கிற வரைதான் எதிர்வீட்டு உரிமை.

சூரியமூலைக்காரர்கள் உ.வே.சா. பேரில் புதிதாக ஒரு பலகை வைப்பதானால் எங்கள் தெருவில் வசூல் செய்து தரத் தயாராக இருக்கிறோம். பலகையின் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தாகவே, உபயம் எங்கள் தெரு என்று இருக்க வேண்டும்.